நுரையீரலில் நிழல் என்றார்கள்: ஸ்கேனுக்காக அலைந்த நான்கு மாதம்

நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது என்று ஒரு டாக்டர் சொன்னதிலிருந்து, அது இன்னதுதான் என்று இன்னொரு டாக்டர் உறுதியாகச் சொன்னது வரை ஏறக்குறைய நான்கு மாதம் நான் தனியாக அலைந்தேன். கையிலிருந்ததும் அடகு வைத்ததுமாக 60,000 ரூபாய்க்கு மேல் போனது. அதில் பாதி போயிருக்கவே வேண்டாத பணம். எந்த ஸ்கேன் எதற்கு, எடுக்கப் போகுமுன் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று யாராவது ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவ்வளவும் மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வயது 52. சர்க்கரை உண்டு. கணவர் இல்லை, ஒரே மகள். அவள் அப்போது தலைப்பிரசவத்துக்காக என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளிடம் எதையும் சொல்லவில்லை.

சம்பா அறுவடை நடக்கும்போது எங்கள் பக்கம் யாருக்குத்தான் இருமல் வராது? அறுவடை மெஷின் ஓடுகிற தூசி, தை மாதப் பனி, களத்தில் நெல் தூற்றுகிற சுணை. மெடிக்கலில் டானிக் வாங்கிக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். மாசி பிறந்தும் இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், ஜாக்கெட் தோள்பட்டையில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. சர்க்கரை கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மன்னார்குடியில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஒண்ணும் இல்லம்மா, நெஞ்சு கிளியரா இருக்கு" என்றார். நிம்மதியாகத் திரும்பி வந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில் துப்பிய சளியில் சிவப்பாக நூல்போல ஒன்று ஓடியிருந்தது. வேறொரு டாக்டரிடம் போய், மறுபடி எக்ஸ்ரே. இந்தத் தடவை வலது பக்கம் மேலே, காறை எலும்புக்குப் பின்னால் ஒரு நிழல் இருப்பதாகச் சொன்னார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். அதிலும் அது இருந்தது, எலும்போடு எலும்பாக மறைந்து.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே என்பது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற படம். காறை எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குப் பின்னால், உதரவிதானத்தின் சரிவுக்குக் கீழே இருப்பவை லேசில் கண்ணுக்குப் படாது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி பெரும்பாலும் தப்பிவிடும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்காமல் எடுத்த படம் இன்னும் மோசம். அதற்காக எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லவில்லை, முதலில் எடுக்க வேண்டியது அதுதான். ஆனால் எக்ஸ்ரே கிளியர் என்று சொன்ன பிறகும் இருமல் நிற்கவில்லை, எடை குறைகிறது, சளியில் ரத்தம் என்றால் அந்த ஒரு படத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கலாமா, சி.டி. வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்தது சி.டி. ஸ்கேன். சீட்டில் 'சி.டி. செஸ்ட்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஸ்கேன் சென்டரில் எச்.ஆர்.சி.டி. எடுத்து 4,000 வாங்கினார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனால், அங்கே நெஞ்சக நோய் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "மருந்து ஊசி போட்டு எடுத்திருக்கணும்மா, இதுல நெறிக்கட்டி சரியாப் பிரிஞ்சு தெரியலை" என்றார். திரும்ப 6,500. எச்.ஆர்.சி.டி. மட்டமான ஸ்கேன் ஒன்றும் இல்லை. நுரையீரலை ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய துண்டுகளாகக் காட்டும், நுரையீரல் தழும்பு, பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் இறுகிப்போவது போன்ற வியாதிகளுக்கு அதுதான் சரி. ஆனால் கட்டி என்று சந்தேகப்பட்டால் நெஞ்சின் நடுவில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் ரத்தக்குழாய்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதற்கு அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்க வேண்டும். சீட்டை வாங்கும்போதே "மருந்து ஊசி போட்டா, போடாமலா டாக்டர்?" என்று கேட்டு அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு 4,000 ரூபாயும் ஒரு வாரமும் மிச்சப்படுத்தியிருக்கும்.

மருந்து போடுவதென்றால் அதற்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கச் சொல்வார்கள், சிறுநீரகம் தாங்குமா என்று தெரிந்துகொள்வதற்கு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஸ்கேனுக்குப் பிறகு 48 மணி நேரம் அதை நிறுத்தி வைப்பார்கள். முன்பு எப்போதாவது இந்த ஊசிக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊசி ஏறியதும் தொண்டையில் ஒரு சூடு கிளம்பி அடிவயிறு வரை இறங்கும். சேலையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று நான் பதறிப்போனேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை, அந்த மருந்துக்கு எல்லோருக்கும் அப்படித்தான் இருக்குமாம். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் ஸ்கேன் எடுத்த தம்பி.

ரிப்போர்ட்டைக் கவரோடு கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தேன். வலது மேல் பகுதியில் 2.4 செ.மீ., ஓரம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டு, பக்கத்தில் நெறிக்கட்டி வீக்கம், புற்றுநோய் சந்தேகம், பயாப்சி (சதையை எடுத்துச் சோதிப்பது) செய்து பார்க்கவும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தை போனில் தேடிப் பார்த்தேன். வடுவூர் ஏரி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. வீட்டு வாசலில் மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று, "எங்கம்மா போனே இவ்வளவு நேரம்?" என்றாள். ஆபீசில் கணக்கு கொடுக்கப் போனதாகச் சொன்னேன். அன்று ராத்திரி கொல்லைப்புறம் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். பீடி, சிகரெட் பிடிக்காத எனக்கு இது எப்படி என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்தேன். கேஸ் வருவதற்கு முன்னால் பள்ளிக்கூட அடுப்பில் சீமைக்கருவை விறகும் தென்னை மட்டையும் எரித்து நாங்கள் தின்ற புகை கொஞ்சநஞ்சமா? விறகுப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது, ஆறுதல் சொல்கிற எதுவும் தெரியவில்லை. தனியாக இருக்கும்போது ரிப்போர்ட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்தாலும் போனில் தேடாதீர்கள். அதில் இருப்பது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுகிற கடிதம், 'சந்தேகம்' என்று அதில் வந்தால் சந்தேகம் மட்டும்தான்.

அந்த நாட்களில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சமையலர் அக்கா, எம்.ஆர்.ஐ. தான் உசத்தி, அதை எடு என்றார். டாக்டரிடம் கேட்டேன். நுரையீரல் முழுக்கக் காற்று, மூச்சு விட விட அது அசைந்துகொண்டே இருக்கும், அதனால் அங்கே சி.டி. காட்டுகிற நுணுக்கத்தை எம்.ஆர்.ஐ. காட்டாது என்றார். புற்றுநோய் உறுதியானால் மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்குமாம். அல்ட்ராசவுண்டும் அப்படித்தான், காற்றைத் தாண்டி அது பார்க்காது. ஆனால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அதைப் பார்க்கவும் ஊசி போட்டு எடுக்கவும் அதுதான் வசதி. அப்புறம், வேறு எதற்கோ சி.டி. எடுத்து அதில் 4 மி.மீ., 5 மி.மீ. புள்ளி என்று வந்து தூக்கம் கெட்டுப்போனவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. புகை பிடிக்காத, வேறு ஆபத்துக் காரணம் இல்லாதவருக்கு 6 மி.மீ.க்குக் குறைவான கெட்டியான ஒற்றைப் புள்ளிக்கு வழக்கமாக மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை என்பதுதான் நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கம் 2017-இல் தந்த வழிகாட்டுதல். 8 மி.மீ. தாண்டினால்தான் மூன்று மாதத்தில் மறு சி.டி., பெட் ஸ்கேன், பயாப்சி என்று யோசிக்கிறார்கள். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. எனக்கும் பொருந்தவில்லை, என்னுடையது சென்டிமீட்டரில் இருந்தது.

பெட் ஸ்கேனுக்குத் திருச்சி. 20,000 ரூபாய். கூட்டுறவு வங்கியில் சங்கிலியை வைத்தேன். ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல் வரச் சொன்னார்கள், அப்படியே போனேன். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 238. "200-க்குக் கீழே இருந்தாத்தாம்மா போட முடியும், குறைச்சுட்டு இன்னொரு நாள் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பது போனில் பெயர் பதியும்போதே அவர்களுக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஸ்கேனில் உடம்பில் ஏற்றுவதே கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. எந்த செல் அதை ஆவலாக இழுத்துக்கொள்கிறதோ அது படத்தில் ஒளிரும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருந்தால் படம் மங்கிப்போகும். அந்த மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், எடுத்து வைத்து நாளைக்குப் போட முடியாது. நீங்கள் போகாவிட்டால் உங்கள் பங்கு வீண். ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் தேதி வாங்கிய அன்றே உங்கள் சர்க்கரை டாக்டரிடம் போய், முதல் நாள் என்ன மாத்திரை, இன்சுலின் எப்போது, காலையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

அடுத்த முறை 140 இருந்தது. ஊசி போட்டு ஒரு சின்ன அறையில் படுக்க வைத்துக் கம்பளி போர்த்தினார்கள். ஒரு மணி நேரம் பேசக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. வேலை செய்கிற தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டு அதுவும் ஒளிருமாம், குளிரில் நடுங்கினாலும் அப்படித்தானாம். சீலிங்கில் ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு, மகளுக்கு யார் பிரசவம் பார்ப்பார்கள், குழந்தையை யார் குளிப்பாட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். எல்லாம் முடிந்து செருப்பு மாட்டும்போது அங்கே வேலை பார்த்த பெண், "இன்னிக்குப் பூரா கர்ப்பிணிங்க, சின்னக் குழந்தைங்க பக்கம் போகாதீங்கம்மா" என்றாள். வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணியை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? தஞ்சாவூரில் சித்தி மகள் வீட்டுக்குப் போய்ப் படுத்து மறுநாள்தான் ஊருக்குப் போனேன். மகளுக்கு இன்னொரு பொய். இதையெல்லாம் தேதி வாங்கும்போதே கேட்டுக்கொண்டால் இந்தத் தவிப்பு இருக்காது.

ரிப்போர்ட்டில் எஸ்.யூ.வி. 8.2 என்று இருந்தது. எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு அது ஓர் அளவு. 2.5-க்கு மேல் போனால் சந்தேகம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். எனக்கு முடிந்தது கதை என்றே நினைத்தேன். தஞ்சாவூர் டாக்டர்தான் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "ஒளிர்றதெல்லாம் கேன்சர் இல்லம்மா. காசநோய்க் கட்டியும் இதே மாதிரி ஒளிரும், பூஞ்சையும் ஒளிரும். நம்ம நாட்டுல அது நிறைய. பேர் தெரியணும்னா சதையை எடுத்துத்தான் பார்க்கணும்." அப்படியானால் 20,000 வீணா என்று கேட்டேன். கேன்சராக இருந்தால் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, எங்கே ஊசி விட்டுச் சதை எடுத்தால் பலன் என்று அது காட்டும் என்றார். சரிதான். ஆனால் முதலில் பயாப்சி செய்து, அதில் கேன்சர் என்று வந்தால் மட்டும் பெட் எடுத்திருந்தால் என் சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும். எது முதலில் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு பெட் முதலில் வேண்டியிருக்கும், எல்லோருக்கும் வேண்டியதில்லை.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?" பத்து வருடத்துக்கு முன் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக எடுத்தது இருந்தது. 2018 கஜா புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்து, பரணில் இருந்ததெல்லாம் நனைந்து, அந்தப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. பிரித்துப் பார்த்தால் வெள்ளையாக உரிந்து வந்தது. ஒரு கெட்டியான புள்ளி இரண்டு வருடமாக அளவு மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் கெடுதல் இல்லாதது என்று பழைய படத்தை வைத்தே சொல்லிவிட முடியுமாம். சில வீடுகளில் அந்த ஒரு பழைய படமே பயாப்சி ஊசியைத் தவிர்த்துவிடும். எந்தக் காரணத்துக்காக எடுத்த நெஞ்சுப் படமானாலும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். சி.டி. ஸ்கேன் என்றால் பிலிமோடு விடாமல் படங்களைப் பதிந்து தருகிற வட்டத் தட்டையும் (டிஸ்க்) கேட்டு வாங்கி, அதில் இருக்கிற டைகாம் என்கிற ஸ்கேன் படக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். பிலிமில் ஒட்டுவது பொறுக்கி எடுத்த சில படங்கள்தான், முழுசும் தட்டில்தான் இருக்கும்.

பயாப்சி, சி.டி. மெஷினிலேயே படுக்க வைத்து முதுகுப் பக்கமாக ஊசி விட்டு எடுப்பது. மரத்துப்போகிற ஊசி போட்டதால் வலி பெரிதில்லை. ஊசியைக் கொஞ்சம் விடுவார்கள், ஒரு படம், மறுபடி கொஞ்சம். ஒவ்வொரு முறையும் மூச்சை ஒரே அளவில் பிடிக்க வேண்டும், இருமல்காரிக்கு அதுதான் கஷ்டம். ரத்தம் இளக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், எத்தனை நாள் நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நுரையீரலில் காற்றுக் கசிவு வரலாம், அதனால் சில மணி நேரம் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே கூப்பிடுங்கள்.

இனிதான் நான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிற விஷயம். எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டார்கள். புற்றுநோய் பார்க்க அது சரி. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க அது உதவாது, ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். ஒரு துண்டையாவது வெறும் சலைன் தண்ணீரில் போட்டுத் தனியாக அனுப்பியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் புற்றுநோய் செல் இல்லை, காசநோய் மாதிரியான கிரானுலோமா (சின்னச் சின்ன முடிச்சு) அழற்சி என்று வந்தது. காசநோயா, பூஞ்சையா, காசநோய் என்றால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டுபிடிக்கக் கையில் சதை இல்லை. ஊசி போடுகிற அறைக்குள் போகுமுன் "டி.பி. டெஸ்டுக்கும் தனியா எடுப்பீங்களா, சலைன்ல போடுவீங்களா?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா என் ரிப்போர்ட் கட்டைப் பிரித்து எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சளி டெஸ்ட் எங்கேம்மா?" இத்தனை ஸ்கேனுக்கு நடுவில் ஒருவரும் என்னிடம் சளி கேட்கவே இல்லை. முதல் நாள் கொடுத்த சளியில் எதுவும் தெரியவில்லை. வறட்டு இருமல், வந்ததும் எச்சில்தான். அடுத்து உப்புத் தண்ணீரை நெபுலைசரில் ஆவியாகப் பிடிக்கச் சொன்னார்கள். தொண்டை காந்தியது, பிறகு அடியிலிருந்து கெட்டியாக வந்தது. அதை சி.பி.நாட் மெஷினில் போட்டார்கள், கிருமி இருக்கிறதா, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிற பரிசோதனை அது. காசநோய்தான், மருந்துக்குக் கட்டுப்படும் என்று வந்தது. ஒரு பைசா வாங்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா எனக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தோஷம் போய் வயிறு கலங்கியது. இத்தனை மாதம் கர்ப்பிணி மகளோடு ஒரே கூடத்தில் படுத்து இருமியிருக்கிறேன், ஒரு மாஸ்க் போடும்மா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் நர்ஸ் வந்து வீட்டில் எல்லோரையும் சோதித்தார். அவளுக்கு ஒன்றும் இல்லை, பேரனும் நன்றாகப் பிறந்தான்.

இதைப் படித்துவிட்டு, நிழல் என்றால் காசநோயாகத்தான் இருக்கும் என்று யாரும் தேற்றிக்கொள்ள வேண்டாம். பெட் ஸ்கேன் வாசலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதாரண்யத்துக்காரர், உப்பளத்தில் வேலை பார்த்தவர், என் கதைக்கு நேர் எதிர். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து டி.பி. என்று மாத்திரை ஆரம்பித்து, மாதக்கணக்கில் சாப்பிட்டு, குறையவில்லை என்று பிறகு பயாப்சி செய்ததில் கேன்சர். இரண்டு வியாதிக்கும் நிழல் ஒரே மாதிரி விழுகிறது. டி.பி. மாத்திரை சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் இருமலும் படமும் குறையவில்லை என்றால் விடாமல் கேளுங்கள். எனக்கே கிருமி கிடைத்த பிறகும், "இதோட விட மாட்டோம், கட்டி சுருங்குதான்னு பார்ப்போம், அபூர்வமா ரெண்டும் சேர்ந்தும் இருக்கும்" என்றார் அந்த டாக்டரம்மா.

பண விஷயம் கொஞ்சம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்னிடம் இருந்தது. அது ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் போகிற பணம், வெளியே கைக்காசு போட்டு எடுத்ததற்குத் திரும்பத் தர மாட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் காப்பீட்டு கவுன்டரில் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைக்குள்ளேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் சி.டி. மையங்கள் இருக்கின்றன, வெளியே நான் கொடுத்ததில் சிறு பங்குதான் கட்டணம். காசநோய் மாத்திரை ஆறு மாதமும் இலவசம், சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ஆக இருந்தது.

ஆறு மாதம் மாத்திரை முடித்ததும் மறுபடி ஒரு சி.டி. எடுத்தார்கள். 2.4 செ.மீ. கட்டி இருந்த இடத்தில் 7 மி.மீ. தழும்பு, நெறிக்கட்டி வற்றிவிட்டது. அந்தத் தழும்பு இனி அங்கேதான் இருக்கும், எந்த எக்ஸ்ரே எடுத்தாலும் யாராவது கேட்கத்தான் கேட்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தத் தட்டு ஒன்று என்னிடம், இன்னொரு நகல் மகள் வீட்டில். தழும்பின் அளவையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சர்க்கரை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.